நாலு மாச வாடகை பாக்கி, அட்வான்ஸ் கரையுது. ஃபியூஸைப் புடுங்கச் சொல்றாங்க. என்ன செய்ய?

மாடிப்படி – ஜூன் 14, இரவு 10:50

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

சிட்லபாக்கத்துல அப்பா கட்டின வீடு. கீழே முன்பக்கம் அம்மா. பின்பக்கம் ஒரு சின்ன போர்ஷன், மாடியில ரெண்டு. ஆக மூணு குடித்தனம். அப்பா இருந்தவரைக்கும் யார் என்ன வாடகை தர்றாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு ஓசூர்ல வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவை வந்து போறேன்.

மாடியில இருக்கிறவர் ஒரு பிரிண்டிங் பிரஸ்ல மெஷின் ஓட்டுறவர். மனைவி, ரெண்டு பிள்ளைங்க. 2018-ல வந்தாங்க. அப்பா 20 ரூபா பத்திரத்துல 11 மாசத்துக்கு எழுதி வாங்கியிருக்கார், அதோட சரி, புதுப்பிக்கவே இல்லை. இப்ப வாடகை 11,000. அட்வான்ஸ் 60,000 எங்ககிட்ட இருக்கு. பிப்ரவரியிலேர்ந்து வாடகை வரலை. மே வரைக்கும் கணக்குப் போட்டா 44,000. கேட்டா "அடுத்த வாரம் சார்". அப்புறம் ஃபோனே எடுக்கிறதில்லை.

நடுவுல அம்மா வேற. அந்த வீட்டு அக்காவும் அம்மாவும் ரொம்ப நெருக்கம். குழம்பு போகும், கீரை வரும். அம்மாவுக்கு ராத்திரி மூச்சு இழுத்தப்ப ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது அவங்கதான். அதனால அம்மா வாயைத் திறக்க மாட்டாங்க. மாமா ஒருத்தர் இருக்கார், "ஃபியூஸைப் புடுங்கு, மோட்டார் ரூமைப் பூட்டு, ஒரே வாரத்துல மூட்டை கட்டுவான்"னு தினமும் ஃபோன் பண்றார்.

இன்னும் ரெண்டு மாசம் போனா அட்வான்ஸ் தீர்ந்துடும். என்னதான் பண்றது?

கொங்குலைன் – ஜூன் 15, காலை 6:20

தம்பி, மாமா பேச்சைக் கேட்டு ஃபியூசைப் புடுங்கிப் போடாதீங்க. திருப்பூருல எங்களுக்கு எட்டு லைன் வீடுங்க. ஒரு காலத்துல எங்கூட்டுக்காரர் கோபத்துல ஒரு வீட்டுக்குத் தண்ணிக் குழாயை அடைச்சுட்டாரு. அந்தப் பையன் நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டான். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தண்ணியை நிறுத்துனீங்களான்னு இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விக்கு எங்ககிட்ட பதிலே இல்லைங்க. மூணு மாச பாக்கியை விட்டுட்டுத்தான் வந்தோம்.

ஒண்ணு கேக்கறேன். அந்த பிரஸ்காரருக்கு மாசச் சம்பளமா, வாரக் கூலியா? எங்க பக்கம் பனியன் கம்பெனிக்காரங்களுக்கு சனிக்கிழமை வாரச் சம்பளம். அவங்ககிட்ட "ஒண்ணாந்தேதி மொத்தமா கொடு"ன்னா எப்படிக் கொடுப்பாங்க? சனிக்கிழமை ராத்திரி கையில காசு இருக்கும், செவ்வாய்க்கிழமை இருக்காது. நாங்க ஆறு வருசமா மூணு வீட்டுக்கு வாரவாடகைதான் வாங்கறோம். சனிக்கிழமை ஏழு மணிக்கு நானே போய் நின்னுருவேன். ஒரு வாரம் தவறுனா அடுத்த வாரமே தெரிஞ்சு போயிரும். நாலு மாசம் கழிச்சு முழிக்க வேண்டியதில்லைங்க.

கருப்புக்கோட்டு – ஜூன் 15, முற்பகல் 11:05

மாடிப்படி அவர்களே, உங்கள் மாமாவின் யோசனை சட்டப்படி உங்களுக்கே எதிராகத் திரும்பும். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரி உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லலாம், இழப்பீடும் விதிக்கலாம். பாக்கி வைத்தவர் புகார்தாரராகிவிடுவார், நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள்.

இங்கே பலர் இன்னும் 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையே மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அது போய்விட்டது. 2017-இல் இயற்றி, 22-2-2019 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இப்போது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதை இணையத்திலேயே செய்யலாம். "11 மாதம்தானே, பதிய வேண்டாம்" என்பது பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழைய பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பதால் 11 என்று நிறுத்தினார்கள். புதுச் சட்டம் மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமோ அதற்கு மேலோ வாடகை பாக்கி இருந்தால், எழுத்தில் கேட்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் செலுத்தாவிட்டால் அது காலி செய்யக் கேட்பதற்கான காரணம். உங்கள் ஒப்பந்தம் அந்த 11 மாதத்தோடு காலாவதி ஆகிவிட்டது. புதுச் சட்டப்படி இரு தரப்புக்கும் ஒப்பந்தமே ஏற்படவில்லை என்பதும் தனியாக ஒரு காரணம். ஆவணம் இல்லாத குடித்தனங்களில் பெரும்பாலும் அந்த வழியில்தான் மனு போடுகிறோம்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. நோட்டீஸ் யார் பெயரில் போகும்? வீடு இன்னும் அப்பா பெயரில்தானே? நீங்கள், அம்மா, உடன்பிறந்தோர் எல்லாரும் வாரிசுகள். வாரிசுச் சான்று வாங்கி, சொத்து வரியிலும் மின் இணைப்பிலும் பெயர் மாற்றிவிட்டு வாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அது.

மாடிப்படி – ஜூன் 15, மதியம் 1:30

சார், சரியான இடத்துல அடிச்சீங்க. ஒண்ணுமே மாத்தலை. சொத்து வரி ரசீதுல இன்னும் அப்பா பேர்தான். கரண்ட் கார்டும் அப்படித்தான். தங்கச்சி பெங்களூர்ல இருக்கா, கையெழுத்துப் போட வரச் சொல்லணும்.

கொங்குலைன் அக்கா, அவருக்கு வாரக் கூலின்னுதான் நினைக்கிறேன். ஏழு வருஷமா இருக்காங்க, இதைக்கூட நான் கேட்டதில்லை.

இரும்புப்பெட்டி – ஜூன் 15, மதியம் 2:10

நோட்டீஸ், மனு, வாரிசுச் சான்று... ஆறு மாசம் போயிடும். நான் 14 வீடு வாடகைக்கு விட்டிருக்கேன். என்னோட பாலிசி சிம்பிள். பத்து மாச அட்வான்ஸ், ரெண்டு மாசம் தவறினா சாமான் வெளியே. பேச்சுலர் கிடையாது, வக்கீல் கிடையாது, போலீஸ் கிடையாது. இரக்கப்பட்டா உங்க சொத்து உங்களுக்கு இல்லை. 12 வருஷம் இருந்துட்டா வீடே அவனுக்குன்னு ஆயிடும், ஜாக்கிரதை.

வாடகைப்பறவை – ஜூன் 15, மாலை 6:45

இங்க எல்லாரும் ஓனர்ஸ் போல. நான் குடியிருக்கிற பக்கத்திலேர்ந்து எழுதுறேன். சென்னைக்கு வந்து 14 வருஷம், இது ஒன்பதாவது வீடு.

இரும்புப்பெட்டி சார், உங்க பத்து மாச அட்வான்ஸ்ல எத்தனை பேருக்கு முழுசாத் திருப்பிக் கொடுத்தீங்க? எனக்கு எட்டு வீட்டுல ஒரே ஒரு வீட்டுலதான் முழுப் பணமும் வந்துச்சு. மிச்ச இடத்துல பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை, "ஆணி அடிச்சிருக்கீங்க", "சிங்க்ல கறை". ஒரு வீட்டுல ஆறு வருஷம் இருந்தேன், ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட அவங்க வெள்ளையடிச்சதில்லை. நான் காலி பண்றப்ப மட்டும் என் காசுல அடிச்சாங்க.

அப்புறம் கரண்ட். சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 9 ரூபா, 10 ரூபான்னு வாங்குறீங்களே, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாத் தருதே, அது யாருக்குப் போகுது?

மாடிப்படி சார், உங்க மேல கோபமில்லை. ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாருங்க. அவங்க ஏன் போகலை? போக இடமில்லாம இருக்கலாம். இப்ப வேற வீடு பார்க்கணும்னா புது அட்வான்ஸ் வேணும், புரோக்கருக்கு ஒரு மாச வாடகை வேணும், வண்டிக்கூலி வேணும். அவங்க கையில இருக்கிற ஒரே மொத்தப் பணம் உங்ககிட்ட இருக்கிற அந்த 60,000-தான். அதுவும் மாசாமாசம் கரையுது. வெளியே போற வழியில நீங்களே உட்கார்ந்திருக்கீங்க.

வளவுக்காரர் – ஜூன் 15, இரவு 8:30

மதுரையிலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். தாத்தா காலத்து வளவு, ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடித்தனங்கள்.

முதலில் அந்தப் 12 வருடக் கதையை முடித்துவிடுவோம். எதிரிடை அனுபவம் என்பது உரிமையாளரின் உரிமையை மறுத்து, பகிரங்கமாக 12 வருடம் அனுபவிப்பது. வாடகைக்கு வந்தவன் உங்கள் அனுமதியின் பேரில் இருப்பவன். நூறு வருடம் இருந்தாலும் வாடகைதாரன் வாடகைதாரன்தான். வக்கீல் ஐயா இருக்கிறார், தப்பென்றால் திருத்தட்டும். இந்தப் பயத்தினாலேயே எத்தனையோ நல்ல குடித்தனங்களைப் பத்தாவது வருடம் துரத்திவிட்டார்கள்.

இரண்டாவது, கோர்ட்டு. பழைய சட்டத்தில் என் தகப்பனார் ஒரு கடைக்காரர் மேல் வழக்குப் போட்டார். வாடகை 75 ரூபாய். முன்சீப் கோர்ட்டு, அப்பீல், ஹைகோர்ட்டில் ரிவிஷன். ஒன்பது வருடம். கடையைத் திரும்ப வாங்கியபோது தகப்பனாருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. புதுச் சட்டத்தில் வேகம் கூடியிருக்கிறது என்கிறார்கள், நல்லது. ஆனாலும் நான் வழக்கைக் கடைசிக் கதவாகத்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, தம்பி. இப்போது ஆனி பிறந்துவிட்டது. ஒரு மாதத்தில் ஆடி. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். அவரை ஆடிக்கு முன் விரட்டினாலும் உங்கள் வீடு ஆவணி வரை காலியாகத்தான் கிடக்கும். மார்கழிக்கும் இதே கதை. வீட்டுக்காரன் காலண்டரைப் பார்த்துத்தான் கோபப்பட வேண்டும்.

கருப்புக்கோட்டு – ஜூன் 15, இரவு 9:15

தலைமையாசிரியர் ஐயா சொன்னது சரி. திருத்த ஒன்றுமில்லை.

வாடகைப்பறவை சொன்ன பெயின்ட் விஷயமும் சரி. சட்டத்தின் பட்டியலே இதைப் பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய் மாற்றுவது, வயரிங், கட்டட அமைப்பு சார்ந்த பழுது எல்லாம் உரிமையாளர் தலையில். வாடகைதாரர் சேதப்படுத்தியிருந்தால் அது வேறு. டேப் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்ற அன்றாடச் சில்லறைகள் வாடகைதாரருக்கு. அட்வான்ஸும் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர. அந்த "தவிர"வில்தான் சென்னை முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

இரும்புப்பெட்டி அவர்களே, சாமானை வெளியே வைப்பதை எழுத்தில் போடாதீர்கள். இந்தப் பக்கத்தையே யாராவது அச்சடித்துக்கொண்டு போனால் உங்களுக்குச் சிரமம்.

இரும்புப்பெட்டி – ஜூன் 15, இரவு 9:40

சும்மா பேச்சுக்குச் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து அடிக்காதீங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், நான் வீட்டு லோன் கட்டுறேனே, பேங்க்காரன் எனக்கு ஆடி மாசம் லீவு விடுவானா?

வாடகைப்பறவை – ஜூன் 15, இரவு 9:48

அது நியாயமான கேள்வி. அதை மொதல்லயே கேட்டிருந்தா சண்டையே வந்திருக்காது சார்.

தோஹாவாசி – ஜூன் 16, அதிகாலை 1:15

இங்க வேலை முடிஞ்சு இப்பதான் பார்க்குறேன். எனக்கு வேளச்சேரியில தரைத்தளத்துல ஒரு பிளாட். ஊர்ல இல்லாம வாடகைக்கு விடுற கொடுமையை மாடிப்படி புரிஞ்சுப்பார்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல இடுப்பளவு தண்ணி. குடியிருந்த தம்பி ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாத்தையும் இழந்துட்டார். வயரிங் மொத்தமும் மாத்தணும்னு வீடியோ அனுப்பினார். எனக்கு முதல்ல வந்த நெனப்பு "செலவு எவ்வளவு"ன்னுதான், வெட்கமா இருக்கு சொல்ல. வயரிங் என் செலவு, ஒத்துக்கிட்டேன். அவரோட சாமானுக்கு நான் பொறுப்பில்லை, ஆனா வீடு குடியிருக்க லாயக்கில்லாம இருந்த 40 நாளுக்கு வாடகை வாங்கலை. இன்னைக்கும் அவர்தான் இருக்கார். ரெண்டாந்தேதி தாண்டினதே இல்லை.

வெளிநாட்டுல இருக்கிற ஓனருங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாம இந்திய வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசின்னா, வாடகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் குடியிருக்கிறவர் 30 சதவீதமும் செஸ்ஸும் வரி பிடிச்சுட்டுத்தான் நமக்குத் தரணும். உள்ளூர் ஓனர்னா மாசம் 50,000-க்கு மேல போனாத்தான் தனி ஆளுங்க வரி பிடிக்கணும், அதுவும் 2024 அக்டோபரிலேர்ந்து 2 சதவீதம்தான். இது தெரியாம எனக்கு மூணு வருஷம் முழுசா அனுப்பிக்கிட்டிருந்தார். அவருக்கு நோட்டீஸ் வரலாம்னு என் ஆடிட்டர் சொன்னப்புறம்தான் எனக்கே தெரியும்.

மாடிப்படி – ஜூன் 22, இரவு 11:20

ஒரு வாரம் கழிச்சு வர்றேன். நேத்து வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபியூஸைத் தொடலை.

வாடகைப்பறவை சொன்னது மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மாடிக்குப் போனேன். அந்த வீட்டுக்குள்ள நான் போனது அதுதான் முதல் தடவை. அண்ணன் எழுந்து நின்னுட்டார், உட்காரவே இல்லை. அக்கா டீ போட்டாங்க. நான் பாக்கியைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி "பிரஸ் எப்படிண்ணே போகுது?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான், கொட்டிட்டார்.

கல்யாணப் பத்திரிகைதான் அவங்க பிரஸ்ஸுக்கு முக்கிய வேலையாம். முன்னாடி 500 அடிக்கிற வீட்டுல இப்ப 100 அடிச்சுட்டு மிச்சத்தை வாட்ஸ்ஆப்ல அனுப்பிடுறாங்களாம். ஜனவரியிலேர்ந்து வாரத்துக்கு நாலு நாள் வேலை. கூலியும் வாரத்துக்குத்தான். பெரியவளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினது பிப்ரவரி வாடகையில. அப்புறம் எட்டவே முடியலை. "உங்க நம்பரைப் பார்த்தாலே கை நடுங்கும் சார், அதான் எடுக்கலை"ன்னார்.

போயிடலாம்னுதான் பார்த்திருக்காங்க. முடிச்சூர் பக்கம் 7,500-க்கு ஒரு சின்ன வீடு. அட்வான்ஸ் 22,500 கேட்குறாங்க. அதுக்குப் பணமில்லை. எங்ககிட்டேர்ந்து என்ன திரும்பி வரும்னும் தெரியலை, கேட்கவும் தைரியமில்லை.

அட்வான்ஸ் என்னைக் காப்பாத்துற பணம்னு நினைச்சிட்டிருந்தேன். அவங்க வாசல்ல நான் போட்ட பூட்டும் அதுதான்.

இப்போதைக்கு வாரம் சனிக்கிழமை 3,000 தர்றேன்னு ஒத்துக்கிட்டார். அதுக்கு மேல என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

கொங்குலைன் – ஜூன் 23, காலை 5:55

தம்பி, பாதிக் கிணறு தாண்டிட்டீங்க. மீதிக்கு என் கணக்கு சொல்றேன், சண்டைக்கு வராதீங்க யாரும்.

அவரை வெச்சுக்கவும் முடியாது, அந்த வருமானத்துக்கு 11,000 தாங்காது. அதனால போறதுக்கு ஒரு நாள் குறிங்க. அந்த நாளுக்குள்ள காலி பண்ணிட்டா கடைசி மாச வாடகை தள்ளுபடின்னு சொல்லுங்க. அட்வான்சுல மிச்சம் வரும்ல, அதுல ஒரு பங்கை முன்னாடியே கொடுங்க, அந்தப் புது வீட்டுக்கு டோக்கன் போடட்டும். பாக்கியை வெச்சு மிரட்டுனா ஆள் நகர மாட்டாங்க. மிச்சத்தைக் காட்டுனா நகருவாங்க. எங்க லைன்ல ரெண்டு தடவை இப்படிப் பண்ணியிருக்கேன்.

எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கோங்க. பாசம் வேற, பேப்பர் வேற.

இரும்புப்பெட்டி – ஜூன் 23, காலை 9:30

பாக்கி வெச்சவனுக்கு 11,000 ரூபா பரிசா? நல்லா இருக்கு.

கருப்புக்கோட்டு – ஜூன் 23, காலை 10:10

வழக்குக்கு நான் வாங்கும் ஃபீஸைச் சொன்னால் 11,000 மலிவு என்று அவரே சொல்லிவிடுவார்.

கொங்குலைன் அம்மா சொன்னபடி செய்யலாம். எழுதும்போது சில விஷயங்களை விடாதீர்கள். இன்றைய தேதிக்குப் பாக்கி எவ்வளவு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, அதை அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். காலி செய்யும் தேதி, அன்று சாவி ஒப்படைப்பு, அதற்குள் போனால் எந்த மாத வாடகை விடப்படுகிறது, போகாவிட்டால் அந்தச் சலுகை இல்லை என்பது. அம்மா, நீங்கள், தங்கை மூவரும் கையெழுத்திடுங்கள். முன்கூட்டிக் கொடுக்கும் தொகையை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள். சனிக்கிழமைப் பணமும் அப்படியே வரட்டும். ரொக்கம் வாங்கினால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும்.

வாடகை கேட்பு நோட்டீஸையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். அவரிடம் முன்பே சொல்லிவிட்டு அனுப்புங்கள், பயந்துவிடப் போகிறார். பேச்சு முறிந்தால் அந்தத் தேதி உங்களுக்கு உதவும்.

வாடகைப்பறவை – ஜூன் 23, மதியம் 12:40

நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடி சொல்லிட்டு அனுப்புங்கன்னு ஒரு வக்கீல் சொல்லி இன்னைக்குத்தான் பார்க்குறேன்.

மாடிப்படி சார், சப்-மீட்டர் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை.

மாடிப்படி – ஜூன் 23, இரவு 9:05

மறக்கலைங்க. மாடி ரெண்டு போர்ஷனுக்கும் ஒரே சர்வீஸ். உள்ள ரெண்டு சப்-மீட்டர், யூனிட் 9 ரூபா. அப்பா வெச்ச கணக்கு. உட்கார்ந்து ஒரு வருஷ பில்லை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு வீடும் ஒரே கார்டுல ஓடறதால வெயில் காலத்துல 500 யூனிட்டைத் தாண்டுது, ஸ்லாப் ஏறிடுது. அப்படியும் நாங்க கட்டினதைவிட அவங்ககிட்ட வாங்கினது அதிகம். மோட்டார், படிக்கட்டு லைட் செலவையெல்லாம் கழிச்சாலும் அதிகம்தான்.

தனித்தனி இணைப்புக்கு எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன். தனி வாசல், தனி சமையலறை ரெண்டுக்கும் இருக்கு. ஆளுக்கு ஒரு கார்டு, அவங்கவங்க 100 யூனிட் அவங்கவங்களுக்கு. பில்லையும் அவங்களே கட்டிக்கட்டும். பெயர் மாத்தம் முடிஞ்சதும் முதல் வேலை அதுதான்.

வளவுக்காரர் – ஜூன் 24, காலை 7:00

மின்வாரியக் கணக்கை எடுத்துப் பார்த்தது பெரிய காரியம். நான் 1996 முதல் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் வந்த தேதி, அட்வான்ஸ், இப்போது ஆதார் நகலும். வந்த அன்றைக்குச் சுவர், குழாய், ஸ்விட்ச் எல்லாம் எப்படி இருந்தன என்று எழுதி இருவரும் கையெழுத்து. இப்போது பேத்தி கைபேசியில் படமும் எடுத்துவிடுகிறாள். போகிற அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், "இந்த விரிசல் அப்போதே இருந்தது" என்ற பேச்சே எழாது.

ஒத்திக்கு விடலாமா என்று சிலர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவது, சென்னையில் லீஸ் என்கிறார்கள். நான் ஒருமுறை செய்து பட்டேன். மூன்று லட்சம் வாங்கி மகள் கல்யாணத்தில் செலவழித்துவிட்டேன். மூன்றாம் வருடம் அவர் திருப்பிக் கேட்டபோது வாங்கிக் கொடுக்க இன்னொரு ஒத்திக்காரரைத் தேடி அலைந்தேன். வாங்கும் அன்றைக்கு மட்டும்தான் அது நம் பணம்.

மாடிப்படி – ஆகஸ்ட் 25, இரவு 10:15

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்குறீங்களான்னு தெரியலை. முடிஞ்சதைச் சொல்லிடுறேன்.

நேத்து ஞாயிற்றுக்கிழமை காலி பண்ணிட்டாங்க. ஆவணி பிறந்து ஒரு வாரம்.

கணக்கு இது. பிப்ரவரியிலேர்ந்து ஜூலை வரைக்கும் ஆறு மாசம், 66,000. ஆகஸ்ட் வாடகையை விட்டுட்டேன். ஒன்பது சனிக்கிழமையில ஏழு சனிக்கிழமை 3,000 வந்துச்சு, ரெண்டு வாரம் வரலை. ஆக 21,000. மிச்சம் 45,000. கரண்ட் பாக்கி 1,850, அதையும் 9 ரூபாக் கணக்குல போடாம பில்லை வகுத்துப் போட்டேன். 60,000-ல 46,850 போக 13,150. அதுல 10,000 ஜூலை கடைசியிலேயே அனுப்பிட்டேன், அதை வெச்சுத்தான் முடிச்சூர் வீட்டுக்கு டோக்கன் போட்டாங்க. மீதி அட்வான்ஸுக்கு அக்கா வளையலை அடகு வெச்சிருக்காங்க. நேத்து 3,150 கொடுத்துட்டு சாவி வாங்கினேன். பெயின்ட்டுக்குப் பிடிக்கலை. ஏழு வருஷமா நாங்க அடிக்கவே இல்லையே.

வண்டி கிளம்புறப்ப அம்மா அக்கா கையில எதையோ திணிச்சாங்க. கேட்டா "உனக்கெதுக்கு"ங்குறாங்க. வண்டிக்கூலிதான்னு நினைக்கிறேன்.

மாமா ரெண்டு வாரமா ஃபோன் பண்ணலை.

வாரிசுச் சான்று வந்தாச்சு. தாம்பரம் மாநகராட்சியில சொத்து வரிப் பெயர் மாத்தத்துக்குக் கொடுத்தாச்சு. அடுத்த குடித்தனத்துக்கு எழுத்து ஒப்பந்தம், மூணு மாச அட்வான்ஸ், இணையத்துல பதிவு, காவல் நிலையத்துல விவரப் படிவம். இது எல்லாம் முடியாம சாவி கிடையாது. கீழ் போர்ஷன்காரங்களுக்கும் இப்பவே புதுசா எழுதிட்டோம். அவர் ஐடி பையன், வருஷ வாடகை ஒரு லட்சத்துக்கு மேல போறதால கம்பெனியில கொடுக்க அம்மாவோட பான் நம்பர் கேட்டார். இதுவரைக்கும் வாடகை வருமானத்தை யாருமே கணக்குல காட்டலைன்னு அப்பதான் தெரிஞ்சது. வீட்டு வரி போக மிச்சத்துல 30 சதவீதம் கழிச்சுட்டுத்தான் வரின்னு ஆடிட்டர் சொன்னார், அம்மாவுக்குக் கட்ட வேண்டியது ஒண்ணும் வராதாம்.

கொங்குலைன் – ஆகஸ்ட் 26, காலை 6:05

நல்லா முடிச்சீங்க தம்பி. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க.

இரும்புப்பெட்டி – ஆகஸ்ட் 26, காலை 8:50

11,000 நஷ்டம்னு இன்னும் சொல்வேன். ஆனா எனக்கு ஒரு வீட்டுல இப்ப மூணு மாச பாக்கி. வாரவாடகை கேட்டுப் பார்க்கலாமான்னு இருக்கேன். சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்கா?

கொங்குலைன் – ஆகஸ்ட் 26, காலை 9:02

ஏழு மணிக்கு. எட்டு மணிக்கு மேல டாஸ்மாக் முந்திக்கும்.

மாடிப்படி – ஆகஸ்ட் 28, மாலை 7:30

கடைசியா ஒண்ணு. முடிச்சூர் வீட்டு ஓனர் இன்னைக்கு எனக்கு ஃபோன் பண்ணினார். அண்ணன்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கார். "ஆள் எப்படி சார், நம்பி விடலாமா? வாடகையெல்லாம் ஒழுங்கா வந்துச்சா?"ன்னு கேட்டார்.

ஒரு நிமிஷம் பேச்சு வரலை. அப்புறம் சொன்னேன்: "ராத்திரியில எங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவங்க. மோட்டாரை ஒருநாளும் ஓட விட்டுட்டுத் தூங்கினதில்லை. வாடகையை மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை வாங்கிக்குங்க."

அவர் "அதென்ன சனிக்கிழமை?"ன்னார். அரை மணி நேரம் பேசிக்கிட்டிருந்தோம்.